வழக்கமான பயம்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பூங்காவனம் ஒரு பயந்தாங்கொள்ளி என்று. நான் மறுக்க மாட்டேன். போன் அடித்தால் எனக்குப் பயம். கதவைத் தட்டினால் பயம், தட்டாமல் வாசலில் யாராவது நின்றால் அதைவிடப் பயம். பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கம் திரும்பினால் டிக்கெட் கையில் இருக்கும்போதே எனக்கு வேர்த்துவிடும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாலாற்றங்கரையில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் பயம்தான். நான் தையல் லைனில் இருக்கிறேன். என் மருமகள் வினோதினி சொல்யூஷன் பிரிவில் இருந்தாள். சொல்யூஷன் என்றால் தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசை. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த அறையில் பெரிய காற்றாடிகள் மாட்டியிருக்கிறார்கள். அவை ஓடினால் பசை சீக்கிரம் காய்ந்துவிடுகிறதாம், அதனால் ஓட்ட மாட்டார்கள். பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த வைத்தியம்தான் பட்டை.

பட்டை என்பது மணிக்கட்டில் மாட்டுகிற சாம்பல் நிற ரப்பர். நெஞ்சு அடிப்பதையும் வேர்ப்பதையும் உடம்புச் சூட்டையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். மயக்கம் வருவதற்கு முன்பே கீச்சென்று கத்தும். உடனே எலுமிச்சைச் சாறு வரும், கொஞ்சம் உட்காரச் சொல்வார்கள், பிறகு பிரஷைத் திரும்பக் கையில் கொடுப்பார்கள். காற்றாடி மட்டும் ஓடாது. சொல்யூஷன் பிரிவுக்கென்று வந்த பட்டை மெல்ல எல்லோர் கையிலும் ஏறியது. வீட்டிலும் கழற்றக் கூடாது, தூங்கும்போதும் கழற்றக் கூடாது. கழற்றினால் கம்பெனியிலிருந்து போன் வரும். போன் என்றால் எனக்கு எப்படி என்று முன்பே சொல்லிவிட்டேன்.

அது மயக்கத்தை மட்டும் பார்க்கவில்லை என்பது நசீமா விஷயத்தில்தான் தெரிந்தது. நசீமா என் லைனில் பக்கத்து மிஷின். சங்கம் வைக்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் தனியாகப் பேசினாள். அவள் பேசிய பெண்களெல்லாம் ஒருத்தி விடாமல் மாடியில் பச்சைச் சுவர் அடித்த அறைக்குக் கூப்பிடப்பட்டார்கள். அங்கே கவுன்சிலர் மேடம் என்று ஒரு பெண் இருக்கிறார், தேன் ஒழுகப் பேசுவார். 'நேத்து மதியம் உங்க மனசு ஏன் கலங்குச்சு?' என்று கேட்பார். எத்தனை பேர்தான் தாங்குவார்கள்? கடைசியில் நசீமாவை வேலையை விட்டே நிறுத்தினார்கள். அதோடு சங்கப் பேச்சு செத்தது. வாயைத் திறக்கலாம், திறந்தால் நெஞ்சு அடிக்குமே, நெஞ்சை என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் வினோதினி முழுகாமல் இருந்தாள். என் மகன் லாரி ஓட்டி வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் நானும் அவளும்தான். ஐந்தாம் மாதம் நடந்தது. அதே சொல்யூஷன் பிரிவில், அதே இடத்தில் முன்பு உட்கார்ந்திருந்த செல்வராணிக்கு ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பசைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ராத்திரி வினோதினி பக்கத்தில் படுத்தால் அவள் தலைமுடியிலிருந்து அந்த வாடை வரும். 

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் டேவிட்டிடம் போய், பேக்கிங்குக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். ஒருத்திக்கு மாற்றினால் எல்லோரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்றான். முடியாவிட்டால் நின்றுகொள்ளட்டும் என்றான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள், படுபாவி.

நசீமா இப்போது வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். தைக்கக் கொடுக்கிற சாக்கில் அவளிடம் போய் அழுதேன். அழுது முடிக்கும்வரை ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை நீதான் செய்ய வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து செருப்பைத் தேடினேன்.

"உக்காருக்கா. அந்தப் பட்ட பயத்தப் புடிக்கல. மாத்தத்தத்தான் புடிக்குது," என்றாள் நசீமா. "அது உன்ன ஊர்க்காரங்களோட வெச்சுப் பாக்காது. நேத்து இருந்த பூங்காவனத்தோட இன்னிக்கி இருக்கற பூங்காவனத்த வெச்சுப் பாக்கும். நான் பேசுன பொண்ணுங்களுக்கு எப்பவும் இல்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு, மாட்டிக்கினாங்க. உனக்கு?"

"எனக்கு எப்பவுமே அப்பிடித்தான்."

"அதான் சொல்றன். உன் பயம் அதுக்கு வழக்கமாப் போச்சு. நீ கொல பண்ணாக்கூட அது கத்தாது."

பட்டை நாம் பேசுவதைக் கேட்குமா என்று கேட்டேன். அதற்குக் காது இல்லை என்றாள் நசீமா. அது உண்மையா, எனக்குத் தைரியம் வரட்டும் என்று சொன்னாளா, இன்றுவரை தெரியாது.

என் நெஞ்சு தப்பித்தது, சரி. நான் போய்ச் சொன்னால் கேட்கிறவளின் நெஞ்சு? அவள் பட்டை கத்துமே? நசீமாவுக்கும் அதற்கு வழி தெரியவில்லை. நான் என் பாட்டுக்குப் புலம்பினேன். தினமும் காலையில் குழாயடியில் குடத்துக்கு முந்தி நின்று கத்துகிறார்களே, அப்போது எல்லோர் பட்டையும்தான் கீச்சுக் கீச்சென்று அடிக்கிறது, அதற்காக யாரையாவது மாடிக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். நசீமா மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் அந்தக் கம்பெனிதான். குழாய் ஒன்றுதான், தண்ணீர் வருவதும் கொஞ்ச நேரம்தான். சண்டை போடுவது ஒன்றும் எங்களுக்குப் புதிது இல்லை. எனக்குத்தான் புதிது. யாராவது குடத்தை நகர்த்தினால் நானும் நகர்ந்து கடைசியில் நிற்கிறவள் நான். முதல் நாள் தில்ஷாதின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டேன். தில்ஷாத் நசீமாவின் தங்கை, தையல் பிரிவில் வேறு லைனில் இருந்தாள், வாய் கொஞ்சம் நீளம். அக்கா சொல்லி வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் என் முடியைப் பிடித்துவிட்டாள்.

நானும் விடவில்லை. என்னென்னவோ கத்தினேன். கல்யாணம் ஆகி இத்தனை நாளாகியும் வயிறு திறக்கவில்லை, வாய் மட்டும் திறக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டேன். சும்மா ஒப்புக்குப் போட வேண்டிய சண்டையில் அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்ததோ. தில்ஷாத் என் காதோடு வாயை வைத்து, மூன்று மாதம் ஆகிறது, இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவள் கழுத்தைப் பிடித்தபடியே மன்னிப்புக் கேட்டேன். அப்படியே விஷயத்தையும் சொன்னேன்: வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர்கள் வரப்போகிற திங்கட்கிழமை, அவர்கள் கார் உள்ளே வந்ததும், எல்லோரும் எழுந்து முற்றத்தில் வந்து உட்கார வேண்டும். சொல்யூஷன் அறையில் காற்றாடி ஓட வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் அங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்கப் போகிறோம். நீ இன்னொருத்தியிடம் சண்டை போட்டுச் சொல் என்றேன். எங்கள் இரண்டு பேர் பட்டையும் கத்திக்கொண்டே இருந்தன. சுற்றி நின்றவர்கள் எங்களைப் பிரித்துவிட்டார்கள்.

யாரும் மாடிக்குக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. ஜென்மத்தில் முகம் சுளிக்காதவர்கள் எல்லாம் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். விஷயம் தெரியாத ஆண்கள் நடுவில் வந்து குடத்தால் அடிவாங்கினார்கள். உங்கள் தெருவில் தினம் தினம் கூத்தாமே என்று டேவிட் சிரித்தான். எங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். கோபத்தை அடக்குவது எப்படி என்று கம்பெனியில் ஒரு வகுப்புகூட வைத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

பயம் இல்லாமல் இல்லை. ஒருத்தி காட்டிக் கொடுத்தால் போதும். வேலை போகும், இந்தப் பக்கத்தில் வேறு கம்பெனியும் சேர்க்காது, ஒரு கம்பெனியின் பட்டைக் கணக்கை இன்னொரு கம்பெனி வாங்கிப் பார்க்கும் என்றார்கள். பிள்ளை பிறக்கிற வீட்டில் அடுப்பு எரியாது. இதெல்லாம் தெரிந்தும் தினமும் போய்க் குடத்தைத் தள்ளினேன். அப்படியே பழகியும் போய்விட்டது. ஒருநாள் போன் அடித்தபோது சாவகாசமாகக் கை துடைத்துக்கொண்டு எடுத்தேன். வினோதினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா அத்த, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

பையர் வருவதற்கு முந்தின வியாழக்கிழமை டேவிட் என் மிஷினுக்கு வந்து, மாடியில் கூப்பிடுகிறார்கள் என்றான்.

கவுன்சிலர் மேடம் எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவர் எதிரில் சின்ன திரை இருந்தது. அவர் கையிலும் பட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். என் மூச்செல்லாம் கோடு கோடாக அந்தத் திரையில் ஓடியது.

"அம்மா, உங்களைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு," என்றார். "உங்க அளவு கொஞ்ச நாளா இறங்கிக்கிட்டே வருது. ரொம்ப அமைதியா இருக்கீங்க."

நல்லதுதானே மேடம் என்றேன்.

"நல்லது இல்லம்மா. பயப்படறவங்களைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. ஏதோ ஒண்ணை முடிவு பண்ணிட்டவங்கதான் திடீர்னு இப்படி அமைதியாயிடுவாங்க. நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக் கேட்கிறாரா, திங்கட்கிழமையைத் தெரிந்துகொண்டு கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பயப்பட வேண்டும், உடனே பழையபடி பயப்பட வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்தது. கோடு ஏறினால்தான் தப்பிப்பேன். கண்டக்டரை நினைத்தேன். கதவு தட்டுவதை நினைத்தேன். பாழாய்ப்போன பயம், பிறந்ததிலிருந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, கூப்பிட்டபோது வரவில்லை.

மேடம் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மருமகளை நினைச்சா? அவங்களை நாளைக்கே பேக்கிங்குக்கு மாத்தச் சொல்றேன். குழந்தை நல்லபடியாப் பிறக்கட்டும். உங்க மனசுல வேற ஏதாவது இருந்தா அதையும் சொல்லிடுங்கம்மா. என்கிட்ட சொன்னா வெளிய போகாது."

சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. திங்கட்கிழமை, கார், முற்றம், நசீமா, எல்லாம். சொல்லிவிட்டால் என் வீட்டுப் பிள்ளை பிழைத்துவிடும், வேறென்ன வேண்டும் எனக்கு? வாயைக்கூடத் திறந்துவிட்டேன். என் வாய் திறந்திருப்பது தெரிந்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு பயம், அப்படி ஒன்றை நான் அறிந்ததே இல்லை. என்னைப் பார்த்தே எனக்குப் பயம். ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

மேடம் திரையைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாருங்க, மனசு லேசானதும் உங்க வழக்கமான அளவுக்கு வந்துட்டீங்க. இதான் நீங்க. போய் வேலையைப் பாருங்க." அவர் கேட்டதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. திரைதான் அவருக்குப் பேசியது.

மறுநாள் காலை வினோதினியை உண்மையாகவே பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த அம்மாள் இரக்கப்பட்டுச் செய்தாரா, கணக்குப் போட்டுச் செய்தாரா, எனக்கு விளங்கவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன், மருமகளுக்கு நல்ல இடம் கிடைத்தது. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நானாக இருந்தால் நான் என்ன நினைப்பேன்?

சனிக்கிழமை குழாயடிக்குப் போனேன். யாரும் கத்தவில்லை. என்னைக் கண்டதும் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் ஆளாக எனக்குத் தண்ணீர் கிடைத்தது. இதைவிட அவர்கள் என்னைக் கொன்று போட்டிருக்கலாம்.

அன்று வேலை விட்டதும் நசீமாவிடம் ஓடினேன். என்னை நம்புவதாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கம்பெனிக்குள்ளே இல்லையே, உள்ளே இருப்பவர்கள் நம்ப வேண்டுமே என்றாள். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, வினோதினியின் இடத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தில்ஷாதை. அவள் வயிற்றில் இருப்பதைச் சொன்னால் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று சொல்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்தால் வினோதினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தில்ஷாத் இரண்டு நாளும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டே வாந்தி எடுத்தாள் என்றாள். நான் அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை என்ன நடந்தாலும், யார் எழுந்தாலும், நீ இடத்தை விட்டு அசையக் கூடாது, பேக்கிங்கிலேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பையர் வந்தார்கள். கார் முற்றத்தில் வந்து நின்ற சத்தம் எல்லா மிஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நான் லைனைப் பார்த்தேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ஒருத்தியும் எழவில்லை. காட்டிக் கொடுத்தவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், முதலில் எழுகிறவளைக் கொத்திக்கொண்டு போகக் கீழே ஆள் நிற்கும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருப்பாள். நான் எழுந்திருக்கலாம். காலை ஊன்றினேன். கால் வரவில்லை. எழுந்தால் வினோதினியின் இடம் போய்விடும், அந்தப் பிள்ளை மறுபடி சொல்யூஷனுக்குப் போய்விடும். இவ்வளவு நாள் கத்தியதெல்லாம் இதற்கா? கை அது பாட்டுக்கு ஒரு தோலை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தது.

தலையைத் தூக்கினேன். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், பேக்கிங் கதவிலிருந்து ஒருத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு முற்றத்துக்கு நடுவில் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். மெதுவாகக் கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். என் மருமகள். எல்லாம் கிடைத்துவிட்டவள். அவ்வளவு பெரிய முற்றத்தில் தன்னந்தனியாக.

நான் எப்படி எழுந்தேன், எப்படிப் படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வழியில் என்னை யாரோ கூப்பிட்டார்கள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிறாயா என்று திட்டினேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. "பயமா இருக்குது அத்த," என்றாள். பேசாமல் இரு என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சொல்யூஷன் அறைக் கதவு திறந்தது. தில்ஷாத் வந்தாள், கையில் பசை காயாமல் இருந்தது. அவள் பின்னாலேயே அந்த அறை முழுவதும் வந்தது. பிறகு தையல் பிரிவிலிருந்து வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பட்டைகளெல்லாம் ஒன்றாகக் கத்தின. பையர்கள் காருக்குப் பக்கத்தில் நின்று, இது என்ன சத்தம் என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கவுன்சிலர் மேடம் ஓடி வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. முதலாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், தில்ஷாத் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார்.

"அம்மா, தில்ஷாதையும் மாத்திடறேன். இப்பவே மாத்திடறேன். எல்லாரையும் உள்ளே போகச் சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க."

தில்ஷாத் என்னைப் பார்த்தாள். வினோதினி என்னைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பில் இரண்டு பிள்ளைகளும் பிழைத்துவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த எடத்துல நாளைக்கி யார மேடம் ஒக்கார வெப்பீங்க?" என்று கேட்டேன்.

மேடம் கையில் கொண்டு வந்த திரையைப் பார்த்தார். அதில் எத்தனை கோடுகள் ஓடினவோ, எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என் பட்டையைத் தொட வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குது மேடம்," என்றேன். "இங்க இருக்கற எல்லாருக்கும்தான். நாங்க எந்திரிக்க மாட்டோம்."